ஓசை அடங்கும் வரை

8 ஆகஸ்ட் 2007, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். கோயில் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துவிட்டது. ஞாயிறு திருவிழாப் பூசைக்கு என் கம்ப்யூட்டர் பியானோதான். பாடற்குழுவை நடத்தும் சேவியர் அண்ணனுக்கு அரை மனசு.

"ஓசில இறக்குனது ஓசி மாதிரிதான் இருக்கும் ஸ்டெல்லா. சனிக்கெழம கேட்டுட்டு சொல்றேன். சரியில்லன்னா வெளியேந்து கீபோர்டும் ஆளும் வரும்."

ஆளும் என்றால் என் இடம் போச்சு. நடக்காது.

சோதிக்க: திறமூல சாம்ப்ளர் (பதிவு செய்த ஒலியைக் கட்டைக்குக் கட்டை வாசிக்கும் இலவச மென்பொருள்) இரண்டு. சா-1, சா-2. ஒலிகள் என் சொந்தம். போன மாதம், நம் கோயிலுக்கு வரும் வயதான மதாம் லூயிசா வீட்டுப் பியானோவில் பதிவு செய்தவை. ஒரு கட்டையை அழுத்தி, ஓசை அடங்கும்வரை காத்திருந்து, அடுத்தது. பக்கத்து அறையில் மதாம். சத்தம் அடங்கிய பிறகே பேச வேண்டும் என்று ஒப்பந்தம். நல்ல மனுஷி, மீறவில்லை. ஒவ்வொன்றும் அடங்கியதும், "ஆச்சா?"

9 வியாழன்

சா-1 எல்லா ஒலியையும் மெமரியில் ஏற்றுகிறது. கம்ப்யூட்டர் உறைந்தது. ஒலிகளைப் பாதியாகக் குறுக்கினேன். ஓடியது, ஆனால் கட்டையை அழுத்திப் பிடித்தால் ஓசை நடுவில் அறுகிறது. தள்ளுபடி.

அம்மா: "ஒரே கட்டைய எத்தினி வாட்டிடீ அடிப்ப?"

சோப்பு வாங்கணும்.

10 வெள்ளி

தட்டாஞ்சாவடி கம்பெனிக்கு அரை நாள் லீவு. சா-2 கெட்டிக்காரன். ஒலியின் தொடக்கம் மட்டும் மெமரியில், மீதியை டிஸ்கிலிருந்தே படிக்கிறது. முழு ஒலி! வேகமான பாட்டு, பெடல், எதற்கும் திக்கவில்லை. நீண்ட பிடி மட்டும் பார்க்கவில்லை. அதெல்லாம் வரும்.

சோப்பு மறந்தேன்.

11 சனி

காலை ஒத்திகை. கடைசி ஆமென். அண்ணன் கையை உயர்த்தி, "புடி, புடி." டோ-மி-சோல் மூன்று கட்டையும் சேர்த்துப் பிடித்தேன். குரல்கள் நின்றன. பியானோ மட்டும் மெல்லத் தேய்ந்து...

ஸ்பீக்கரில் கீச்சென்று "ஆச்சா?" அடுத்து இயல்பாக ஒரு "ஆச்சா?" அப்புறம் தடித்த குரலில் ஒன்று.

மூன்று கட்டைக்கு ஒன்றுதான் பதிவு. இடையில் உள்ளதைச் சாம்ப்ளர் ஏற்றி இறக்கி வாசிக்கும். மதாமையும் சேர்த்து. பெண்கள் பெஞ்சில் விழுந்து சிரித்தார்கள்.

மதாமுக்குக் காது மந்தம்! நமக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஓசை அடங்கிவிடுகிறது. பதிவின் வாலைக் கேட்டே பார்க்காத என் திமிருக்கு இது வேண்டும்.

அண்ணன் சிரிக்கவில்லை. "நாளைக்கி ஒரு குரல் வந்துச்சின்னா, இனிமே நீ பாட மட்டுந்தான்."

பகல் முழுக்க ஒவ்வொரு ஒலியாகக் கேட்டு வால் வெட்டினேன். ஒன்று விடவில்லை. நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது.

12 ஞாயிறு

கோயில் கொள்ளாத கூட்டம். முன் பெஞ்சில் மதாம் லூயிசா, நீலக் கவுனில். பியானோ அருமை, ஒரு பிசிறில்லை. கடைசி ஆமென். அண்ணன் கை மேலே. பிடித்தேன். கோயிலே அமைதி. ஓசை தேய்கிறது, இன்னும் கேட்கிறது, இன்னும்...

"ஆச்சா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் ஸ்பீக்கரை முறைத்தார்.

முன் பெஞ்சில் மதாம், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டிருந்தார்.