சல்லடையில் கறிவேப்பிலை

2025 ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்கும் சல்லடையில் கறிவேப்பிலை. நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டுத் தீவு முழுவதும் ஊற்றுகிற கழிவுநீர் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வருகிறது. பொம்மைக் கால், பொய்ப் பல், துடைக்கும் ஈரத்தாள், எல்லாவற்றையும் சல்லடையில் வழிக்கிறோம். கறிவேப்பிலையைக் கண்டால் மட்டும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருக்கிறது.

இதை வெளியே சொல்ல முடியாது. பதினொரு வருடமாக ஊருக்கு நான் ‘தண்ணீர்ப் பகுதியில் வேலை’. பொய் இல்லை. எந்தத் தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

எங்கள் மகள் ஜென்சிக்கும் டனிஸ்ரனுக்கும் கலியாணம் பேசத் தொடங்கியாயிற்று. பெடியனின் தகப்பன் அருமைராசா அண்ணை லாசால் பகுதியில் இருக்கிறார். ஏழு தலைமுறை விசாரிக்கிற மனிதர்.

“கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறவாதேங்கோ. அவை உங்களை எஞ்சினியர் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்” என்றாள் என் மனைவி றெஜினா.

நினைக்க வைத்தது யார்? நீதானே மனுசி! கேட்கவில்லை. எனக்கு இரவுச் சாப்பாடு வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாதா கோயில் வாசலில் அருமைராசா அண்ணை மறித்தார். குழாய்த் தண்ணீரில் குளோரின் மணக்கிறதாம், நான் கொஞ்சம் குறைக்கவேணுமாம். “பாக்கிறன் அண்ணை” என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

குளித்தேன். றெஜினா மூக்கைச் சுளித்தாள். திரும்பவும் குளித்தேன். என் வேலைச் சப்பாத்துக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை. பதினொரு வருடமாகப் பல்கனியில்தான் சீவியம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குளோரின் குறைந்துவிட்டதாம். அருமைராசா அண்ணை கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாதா திருநாள். கோயில் மண்டபத்தில் முந்நூறு பேருக்கு ஆட்டிறைச்சிக் கறி. சமையல் பொறுப்பு அருமைராசா அண்ணை. கிடாரத்தில் மிதந்த கொழுப்பை வழித்து சிங்கில் ஊற்றி, மேலே சுடுதண்ணீரும் விட்டிருக்கிறார். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை. சுடுதண்ணீரோடு போய்விடும் என்று நினைப்பு. எங்கே போகும்? குழாயில் உறைந்து குந்தியிருக்கும். வருடக்கணக்காக ஊற்றியது இன்றைக்கு முற்றாக அடைத்துவிட்டது.

சுவாமியார் சாப்பாட்டை ஆசீர்வதிக்கும் நேரம், நிலத்து வடிகாலால் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. சனம் கதிரைகளில் ஏறிவிட்டது.

“அன்டன், நீர் தண்ணி எஞ்சினியரெல்லே! என்னெண்டு பாரும்!” என்று கத்தினார் அருமைராசா அண்ணை.

றெஜினா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். தண்ணீர் சோற்றுச் சட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“பைப்பெல்லாம் பூட்டுங்கோ! ஒருத்தரும் கக்கூசுக்குப் போகாதேங்கோ!”

கோட்டைக் கழற்றினேன். காரில் கிடந்த அடைப்பெடுக்கும் கம்பிச்சுருளைக் கொண்டுவந்து, வடிகாலுக்குள் தோள்வரை கையை விட்டேன். வெள்ளைக் கொழுப்புக் கட்டியொன்று வந்தது, கைக்குழந்தை அளவில். அதில் கறிவேப்பிலை.

“உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?”

“அண்ணை, என்ர வேலை குடிக்கிற தண்ணியில இல்லை. நீங்கள் ஊத்துற தண்ணியில. பதினொரு வருசமா.”

அருமைராசா அண்ணை சாப்பிடாமலே போய்விட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

றெஜினா எனக்குச் சாப்பாடு வைக்கவில்லை. ஜென்சியின் அறைக்கதவு பூட்டியபடி. ஏன் சொன்னனான்? அடைப்பை எடுத்துப்போட்டு சும்மா வந்திருக்கலாமே! என்ர வாயால பிள்ளையின்ர கலியாணம் நிண்டால்? பயமாக் கிடக்கு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இனி சிங்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று சுவாமியார் அறிவித்தார். எல்லோரும் அருமைராசா அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது.

ஆகஸ்ட் 30, சனி

காலையில் தொலைபேசி. அருமைராசா அண்ணை. குரல் குசுகுசுவென்று இருந்தது.

“எங்கட வீட்டுச் சிங்கும் இறங்குதில்லை. நாலு கேத்தில் சுடுதண்ணி விட்டுப் பாத்திட்டன். கம்பியைக் கொண்டு ஒருக்கா வாங்கோ, சம்பந்தி. பின்கதவால வாங்கோ. மனுசிக்குத் தெரியாது.”

றெஜினாவிடம், “என்னைச் சம்பந்தி எண்டு கூப்பிட்டவர்” என்றேன்.

அவள் எழுந்தாள். பல்கனிக்குப் போய் என் சப்பாத்தை எடுத்துவந்து, துடைத்து, முன்வாசல் கால்மிதியில் வைத்தாள்.