பின்பக்கத்திலிருந்து பார்த்த படக்கதை

மச்சாள்,

கொழும்பில் படிக்கிற பேத்தி புதுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறாள். பிரித்ததும் அன்று நாம் பார்த்த படக்கதையின் அதே மை வாசம். அந்த வாசத்தோடு நீயும் வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாய். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

என் கணவரின் தங்கச்சியாக வந்து எனக்குச் சிநேகிதியானவள் நீ. பள்ளிக்கூடமே போகாத உனக்கு நான்தான் செபப்புத்தகம் வாசிப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் பத்திரிகை முழுக்க வாசிப்பேன் என்ற பெருமை எனக்கு. ஆனால் முன்பொரு விடுமுறையில் பேத்தி விட்டுப்போன ஜப்பான் மாயப் படக்கதைப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் ஆங்கிலம். படம் மட்டும் பார்த்தோம். செபப்புத்தகம் திறப்பதுபோல இடப்பக்கத்திலிருந்து திறந்தோம்.

முதற்படத்தில் வாள் வைத்திருந்த ஒருத்தி கற்குவியலின் முன் தனியே அழுதாள். "உவள் ஆருக்காக அழுறாள்?" என்றாய். புரட்டினோம். அவளுடைய சிநேகிதன் நெஞ்சில் காயத்தோடு கிடந்தான். இன்னும் புரட்ட, அவன் எழுந்து நின்று கொம்பு முளைத்த பூதத்தோடு சண்டை பிடித்தான். நீ என் தொடையில் அடித்தாய். "பார் மச்சாள், எழும்பிட்டான்! அடியடா, மூஞ்சியிலை அடி!" கடைசியில் இருவரும் நெருப்பு மூட்டி ஒரே மீனைப் பிய்த்துத் தின்று சிரித்தார்கள்.

பிறகு பின்னேரம் தோறும் அந்தப் புத்தகத்தைக் கேட்டாய். ஏனென்று எனக்குத் தெரியும். குருநகர்க் கரையிலிருந்து கடலுக்குப் போன உன் மகன் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. கார்த்திகையில் வரும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு மரித்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிப் பூசைக்குக் கோயிலில் கொடுப்போம். இருபது வருடமாக நீ அவன் பெயரைத் தரவில்லை. "அவன் வருவான். உயிரோடை இருக்கிறவனுக்கு ஏன் பூசை?"

அடுத்த விடுமுறைக்கு வந்த பேத்தி எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மம்மா, உது ஜப்பான் புத்தகம், வலப்பக்கத்திலை இருந்து வாசிக்கிறது. நீங்கள் முடிவிலை இருந்தெல்லோ வாசிக்கிறியள்!"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. எனக்கும் தெரியும் என்று காட்ட, அப்போதே உன்னை இருத்தி, சரியான பக்கத்திலிருந்து புரட்டினேன். மீன் தின்றார்கள். சண்டை பிடித்தார்கள். அவன் விழுந்தான். அவனை மூடிய கற்குவியலின் முன் அவள் தனியே அழுதாள்.

நீ வெகுநேரம் அந்தக் கற்குவியலையே பார்த்தாய்.

"உனக்கு வாசிக்கத் தெரியும். நீ சொன்னால் சரி."

அதன்பின் புத்தகத்தைக் கேட்கவேயில்லை. அந்தக் கார்த்திகையில் ஒரு துண்டுத் தாளோடு வந்தாய்.

"மச்சாள், அவன்ரை பேரை எழுது."

"உண்மையாவோ?"

"எழுதன்."

என் கையெழுத்து அழகென்று பங்குச் சுவாமி சொல்வார். அன்றும் அழகாகத்தான் எழுதினேன். மாரி மழை முடியுமுன் நீ போய்விட்டாய். வைத்தியர் நெஞ்சு வருத்தம் என்றார். நான் அந்தப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இந்த வருடப் பூசைத் துண்டு மேசையில் கிடக்கிறது. உன் பெயரை எழுதிவிட்டேன். கீழே அவன் பெயரையும் எழுதத்தான் வேண்டும், நீயே சொன்னதல்லவா. முதல் எழுத்தைப் போட்டதும் "அவன் வருவான்" என்று காதுக்குள் கேட்கிறது. பேனையை வைத்துவிட்டு எழும்புகிறேன். மறுபடி வந்து, அந்த ஒற்றை எழுத்தின் முன் கதிரையில் இருக்கிறேன்.