இடது கையால் எழுதியது

சின்னவளின் அம்மாவுக்கு,

நீயும் சின்னவளும் சுகம்தானே? இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

போன மாதம் மேஸ்திரியை நாலு சாத்து சாத்திவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பல்தான் போயிற்று. மனநல டாக்டரைப் பார்த்தால்தான் வேலை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்த பட்டியலில் பதினோரு பேர். ஒருவர் குழந்தைகளை மட்டும் பார்ப்பவர். இன்னொருவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. மற்றவர்கள் எல்லோரும், "உங்க இன்சூரன்ஸ் இங்க செல்லாதுங்க" என்றார்கள். பதினோராவது ஆளும் போனில் அதையே சொன்னபோது கழிவறையில் நின்றிருந்தேன். ஸ்பேனரால் கண்ணாடியை அடித்தேன். ஸ்பேனர் நழுவிய பிறகும், உடைந்த கண்ணாடியில் தெரிந்த என் மூஞ்சியை வலது கையாலேயே குத்தினேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸம்மா, "ஏழு தையலுக்கும் நீ முனகக்கூட இல்லையே, எத்தனை நாளா இப்படி இருக்க?" என்று கேட்டார். அவரே நாலு இடத்துக்குப் போன் போட்டு, என் இன்சூரன்ஸ் செல்லுகிற டாக்டர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். நம் பாஷை பேசுவாராம். இந்த ஊர்ப் பேச்சில் எனக்கு ஸ்பேனர் கேட்கத் தெரியும், அழத் தெரியாது. வியாழக்கிழமை போகிறேன்.

என்னோடு அறையில் தங்கியிருப்பவர் தபால் பெட்டிப் பக்கம் கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். சின்னவள் படம் கேட்டிருந்தேனே, அதைப் பிரேம் போட்டு அனுப்பாதே. என் அறையில் கண்ணாடி எதுவும் வேண்டாம்.