ஒரு சொல் குறைந்த பெயர்

மார்ச் 4

புதுப் பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. இரண்டு வருட அலைச்சல். "அதீக் பென் கஸ்லூன்" என்ற எங்கள் குடும்பப் பெயரில் "அதீக்"கை அடித்துவிட்டார்கள். அதீக் என்றால் இன்னார் விடுதலை செய்த அடிமை. ஒழிந்தது, நல்லது. மிச்சம் நிற்பது என்ன? பென் கஸ்லூன். எங்களை விலைக்கு வாங்கியவன் பெயர்!

இதை யோசிக்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவன் என் தம்பி ஹேதி. பக்கத்தில் நின்று போட்டவள் நானும்தான்.

மார்ச் 5

"நல்லாத்தானேக்கா இருக்கு? பெரிய வீட்டுப் பேரு" என்கிறான். இவனை என்ன செய்வது?

ஆகஸ்டில் அவன் மகள் இன்சாஃபுக்குக் கல்யாணம். ஒப்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் எதிரில் உரக்கப் படிப்பார்கள். "அதீக்னு யார் காதுலயும் விழாம இருந்தா போதும். மறுபடி நகராட்சிக்கு நடக்க என்னால ஆகாது. நாலு தடவைக்கே முட்டி போச்சு" என்கிறான் ஹேதி.

மார்ச் 19

மீன் சந்தையில் கஸ்லூன் வீட்டுக் கடைக்காரன், "வாங்க, சொந்தக்காரங்களே!" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 11

நகராட்சி. வேறு பெயர் வேண்டுமென்றால் முன்னோர் பெயர் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். "இல்லன்னா இதுவே இருக்கட்டுமேம்மா, அழகான பேருதானே."

அப்ப நீயே வெச்சுக்கோயேன்யா! வாய்வரை வந்தது.

மே 23

தலைநகர் துனிஸ். எட்டு மணி நேர பஸ். ஆவணக் காப்பகத்தில், "யார் பேர்ல தேடணும்?" என்றாள் அந்தப் பெண். எங்கள் பெயரில் ஒன்றுமில்லை. கடைசியில் கஸ்லூன் பெயரைச் சொல்லித்தான் தேடவேண்டியிருந்தது. ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

ஆனால் இருந்தது. விடுதலைப் பத்திரம், நான்கு வரி: கஸ்லூன் வீட்டு சாஅதா, பர்னாவிய்யா, கைக்குழந்தை ஸாலிமுடன்.

ஸாலிம் எங்கள் அப்பாவின் தாத்தா.

சாஅதா என்பது அவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்கும். பர்னாவிய்யா? போர்னூ நாட்டுக்காரி. அவள் வாய்திறந்து சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மே 27

ஹேதி பத்திர நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பர்னாவினு பேரு வெச்சா, எந்த ஊர்னு கேப்பாங்களேக்கா?"

கேக்கட்டுமே! கேட்டா என்ன கொறஞ்சுபோகும்? கத்திவிட்டேன். நகலை அவன் மேசையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 20

பேச்சுவார்த்தை இல்லை.

ஜூன் 22

நகராட்சியிலிருந்து போன். "உங்க தம்பி குடுத்த மனுவுல உங்க கையெழுத்து விட்டுப்போச்சும்மா."

என்ன மனு? — போயிருக்கிறான்! ஒரு வார்த்தை சொன்னானா, கழுதை?

ஆகஸ்ட் 14

கல்யாணம் முடிந்தது. ஆதாரம் இருந்ததால் புதுப் பெயர் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. "இன்சாஃப் பர்னாவி" என்று படித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தாள். "பர்னாவியா? அது எந்த ஊரு?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹேதி எழுந்துவிட்டான்.

"போர்னூ. பாலைவனத்துக்கு அந்தப் பக்கம். அங்கேருந்து எங்க சாஅதாவ நடத்தியே கொண்டுவந்தாங்க."

நாலு தடவைக்கே முட்டி போனவன் சொல்கிறான்.