கை உயர்த்தாதவர்கள்

அக்டோபர் 4
இன்றும் மின்சாரம் இல்லை. நிலக்கரி அடுப்புதான். வீடெங்கும் புகை, சின்னவன் எமில் இருமி இருமி முகம் சிவந்துவிட்டான். ஆற்றில் அணை வந்தால் கரி ஒழியும் என்கிறார் என் கணவர் சாகின். ஒழியும்தான். கூடவே எங்கள் குளிர்கால மேய்ச்சல் நிலமும் மூழ்கும். அப்புறம் பனியில் ஆடுகள் எங்கே போகும்? கேட்டால் எல்லாரும் வேறு பேச்சுக்குத் தாவுகிறார்கள்.

அக்டோபர் 9
அணைக் கம்பெனிக்காரர்கள் குதிரை அறுத்து ஊருக்கே விருந்து வைத்தார்கள். ஆண்கள் கூடத்தில். பெண்கள் நாங்கள் கொல்லையில் குடல் கழுவினோம். சாப்பிட்டு முடித்ததும் ஊர்ப் பெரியவர் ஷார்ஷென் வழக்கம்போல வாழ்த்துச் சொல்ல, ஆண்கள் கையேந்தி, அப்படியே ஆகட்டும் என்பதற்கு "ஓமின்" என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

அக்டோபர் 10
ஊர் சம்மதித்துவிட்டதாம்! அந்த ஓமின்தான் சம்மதமாம்! ஷார்ஷெனிடம் போய்க் கத்தினேன்.

"சோத்துக்குத்தானே வாழ்த்துனீங்க?"

"'உங்க வேலை நல்லா நடக்கட்டும்'னும் சொல்லித் தொலைச்சிட்டேனே மருமகளே. கொடுத்த வாழ்த்தைத் திரும்ப வாங்குனா ஊருக்கு ஆகாது."

ஆகாதாம். நிலம் முழுகிப்போனா மட்டும் ஆகுமா?

அக்டோபர் 13
சாகினோடு சண்டை. "பையன் இருமுறது உன் காதுல விழலையா?" என்றார். விழாமலா? பெத்தவ நான். சூரியத் தகடு போடலாம் — பனி மூடிவிடும். அணை கட்டலாம் — மின்சாரம் தேவைப்படும் குளிர்காலத்தில்தான் ஆறும் உறைந்து வற்றும். எல்லாவற்றிலும் குறை இருக்கிறது. ஆனால் இழப்பு எங்களுக்கு என்றால் எங்களைக் கேட்க வேண்டாமா?

அக்டோபர் 20
மாவட்டக் கூட்டத்துக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் போனோம்.

"ஊரே ஓமின் சொல்லியாச்சு. இப்ப என்னம்மா?" என்றார் அதிகாரி.

"ஊர்ல பாதி நாங்க. அன்னிக்கு எங்க கை குடல் சட்டிக்குள்ள இருந்துச்சு. நாங்க யாரும் ஓமின் சொல்லலை."

பின்னாலிருந்து பக்கத்து வீட்டு குல்சுன்: "எங்களுக்கு மிஞ்சுனது எலும்பு. எலும்புக்கெல்லாம் நிலம் தர மாட்டோம் அண்ணே!"

ஒரே சிரிப்பு. ஷார்ஷென் மெல்ல எழுந்தார். "ஆமா. பொம்பளைங்க அந்த வாழ்த்துல சேரலை." எனக்கு அழுகை வந்துவிட்டது. உட்காரவில்லை, நின்றுகொண்டே அழுதேன்.

நவம்பர் 2
அணைத் திட்டம் நின்றுபோனது! பதிலுக்கு வாய்க்காலில் சின்னதாக ஒரு மின்சுழலி வைப்பார்களாம். பனி உருகிய பிறகுதான் வேலை.

ஜனவரி 15
மின்சாரம் இல்லை. ஆடுகள் பனியைக் கிளறி மேய்கின்றன. புகை தாங்காமல் எமில் சுருண்டுவிட்டதால், தெற்கே அக்கா வீட்டுக்கு அவனைச் சாகின் கூட்டிப் போய்விட்டார். வசந்தம் வரை அவன் அங்கேதான். வீட்டில் இருமல் சத்தமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுபடி கேட்டாலும் அணை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.