வெள்ளிக் கை

ஜூன் 17
மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் நடையிலேயே இப்படி. வலை இழுக்கும் வின்ச்சில் கயிறு சுற்றி, என் வீட்டுக்காரருடைய வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எழுத ஓடவில்லை.

ஜூன் 20
கடலுக்குக் கிளம்பும் முன் படகுக்குப் பூசை போட்டபோது இவர் மட்டும் கை கூப்பவில்லை. "எனக்கு நம்பிக்கை இல்ல, நீங்க கும்புடுங்க" என்றாராம். பத்து வருஷமாகச் சொல்வதுதான். இன்று மாமியார், பெற்ற மகனின் கட்டில் பக்கத்திலேயே நின்று சொல்கிறார்: "கும்புடாத கைய ஆத்தா கேட்டுட்டா."

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பயம். மிச்ச விரல்கள்?

ஜூன் 23
தண்டனை என்றால் மன்னிப்புக் கேட்கலாம். வெறும் விபத்து என்றால் யாரிடம் போய் நிற்பது? தண்டனையாகவே இருக்கட்டும் என்று மனசு கெஞ்சுகிறது. சீ, என்ன பெண்டாட்டி நான்!

காணிக்கை செலுத்த வெள்ளித் தகட்டில் ஒரு கை வாங்கி வந்தேன். அதில் ஐந்து விரலும் இருக்கிறது.

ஜூன் 26
அங்கன்வாடியில் அல்லியிடமிருந்து பொம்மையை வாங்கி வைத்துவிட்டேன். நாலு வயசுக்கு என்ன வாய்! "நீ டீச்சரே இல்ல, போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மத்தியானம் அவள் தட்டிலும் முட்டை வைத்தேன். நானே ஒரு சிடுமூஞ்சி. எனக்கே அந்த முட்டையைப் பிடுங்கத் தோன்றவில்லை. அப்படியிருக்க ஆத்தா — வேண்டாம், இப்படியெல்லாம் நினைக்கக்கூடாது.

ஜூன் 28
இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. படகுக்காரர் மாணிக்கவேல் பார்க்க வந்திருந்தார். "கை ஆறுனதும் ஒரு தடவ கோயில்ல வந்து விழச் சொல்லுங்க. கூட வர்றவங்க பயப்படுறாங்க." விழாவிட்டால் படகில் இடமில்லை என்று அர்த்தம்.

அவர் போனதும் இவர் சொன்னார்: "ஒனக்காக வந்து விழுறேன் விசாலம். ஆனா பொய்யாத்தான் விழுவேன். ஒங்க ஆத்தாளுக்கு அது போதுமா?"



ஜூலை 5, வெள்ளி
நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். கற்பூரம் காட்டியபோது எப்போதும் போல உடம்பு சிலிர்த்தது. நம்பிக்கை போகவில்லை, அதுதான் குழப்பமே. ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "நீயா எடுத்த? சொல்லு. நான் அந்தப் புள்ளைக்கு முட்டை வச்சேன்ல?" என்றுதான் வந்தது.

வெள்ளிக் கையை உண்டியலில் போடாமல் திரும்பிவிட்டேன்.

"எப்ப வந்து விழணும்?" என்று வீட்டில் இவர் கேட்டார்.

"நீங்க வர வேணாங்க. மாணிக்கவேல் அண்ணன்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டேன்.