ஊசி போட்டாச்சு, சாப்பிடுங்க

என்னங்க,

இன்சுலின் ஊசி போட்டுட்டேன். அரை மணிக்குள்ள இட்லியைச் சாப்பிட்டுடுங்க. கோபத்தை என் மேல காட்டுங்க, தட்டு மேல காட்டாதீங்க. கை நடுங்கினா உடனே சர்க்கரை அள்ளி வாயில போட்டுக்குங்க. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, நம்ம பௌதி, வந்து பார்ப்பாங்க, கதவைத் தாழ் போட்டுடாதீங்க.

இருபது வருஷம் நர்ஸா இருந்தவளுக்கு ஒரிசாவில பாரதீப் துறைமுக ஆஸ்பத்திரியில மேட்ரன் வேலை கிடைச்சா, போகாம இருக்க முடியுமா? அங்க புயலடிக்கும்னு உங்களுக்குப் பயம். எனக்கு உங்க பட்டினிதான் பயம்.

நாளையிலேர்ந்து கம்பவுண்டர் வந்து ஊசி போடுவார். உங்களுக்கும் இந்தக் கல்கத்தா கிடர்பூர்லேர்ந்து அங்க மாற்றல் கிடைக்கிற வரைக்கும் அவர்கிட்ட முறைச்சுக்காதீங்க.

ரயிலுக்கு நேரமாச்சு.

எஸ்தர்

இன்னொண்ணு. நேத்திலேர்ந்து என்கூடப் பேசாத மனுஷன், சிரிஞ்ச் கொதிக்கிற சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே சட்டைக் கையை மடிச்சு விட்டீங்களே. அதே கையால இட்லியையும் எடுத்துக்குங்க.